கடலுக்கு எரு சுமப்போர்



நம் மாலை வகுப்பு மாணவி ஒருத்தி புதுவைக் கடற்கரைச் சாலையில் எங்களிடம் வினவினாள்: "வயலுக்கு எங்கள் அம்மா எரு சுமக்கிறார், கடலுக்கு யார் சுமக்கிறார்கள்?" ஆசிரியர்களாகிய நாங்கள் ஒருநாளும் இவ்வாறு எண்ணியதில்லை.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். எனினும் பெரும்பாலான உயிர்கள் அதனை அப்படியே ஏற்க இயலாது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வாழும் டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி அதனை அம்மோனியாவாக மாற்றுகிறது. பகலொளியும் இரும்புச் சத்தும் அதற்கு வேண்டும். உடலிலுள்ள வளிப்பைகளால் மிதக்கும் அதன் இழைகள் கற்றைகளாகத் திரண்டு, காற்றடங்கிய கோடை நாட்களில் மரத்தூள் கொட்டியது போலக் கடல்மேல் பரவும். அழுக்கென்று முகஞ்சுளிப்போரும் உளர்! அதனின்று கசியும் சத்தைப் பிற பாசிகள் உண்கின்றன. அவற்றை நுண்விலங்குகளும், நுண்விலங்குகளை மீன்களும் உண்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தேசிகாச்சாரி 1959இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் கடல்வாழ் வகைகளை வளர்த்துக் காத்து வருகிறது. அங்குச் சென்று பயிலலாம் என்று அவளிடம் கூறினோம்.

கற்றையை வெறுங்கண்ணால் காணலாம். தனியிழையின் அமைப்பைக் காண நுண்ணோக்கி வேண்டும். நம் சங்கத்தில் அது ஒன்றேனும் இல்லை. வெள்ளிவிழா நிதியின் முதற்செலவு அதுவாக அமையட்டும் என வேண்டுகிறோம்.