புது இறைச்சியா? முதலில் நாக்கைக் கேளுங்கள்

(வானொலி உரை)



"முயல் வளர்க்கலாமுங்களா? காடை போடலாமுங்களா? வான்கோழியிலே லாபம் உண்டா?" என்று பல பேர் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால், அந்தக் கறி எப்படி இருக்கும், நம்ம ஊர் ஜனங்க அதை வாங்கித் தின்பார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஈமு கோழி உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியா நாட்டுப் பறவை; ஆள் உயரம் நிற்கும்; நாற்பது கிலோவுக்கு மேல் எடை வரும். முன்பணம் கட்டினால் குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதா மாதம் பணமும் தருகிறோம் என்று சொன்னார்கள். கறி, எண்ணெய், தோல், இறகு எல்லாமே காசு என்றார்கள். ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் தொடங்கி எத்தனையோ பேர் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். 2012-ஆம் ஆண்டில் அது சரிந்தது. பணம் போயிற்று, தீவனம் இல்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன, கடைசியில் அரசாங்கம் தலையிட்டுத் தீவனம் போட வேண்டியதாயிற்று.

இதிலே கறியின் மேல் குற்றமில்லை. ஈமுக் கறி கோழிக்கறி மாதிரி வெளுப்பாக இருக்காது. மாட்டுக்கறி போலச் சிவப்பாக, கொழுப்புக் குறைவாக இருக்கும். அதிகம் வேகவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பக்குவம் தெரிந்தவர்கள் சமைத்தால் நல்ல கறிதான். ஆனால் வளர்த்தவர்களில் எத்தனை பேர் அதை ஒரு வாய் தின்று பார்த்தார்கள்? எந்தக் கறிக்கடையில் அது தினம் தொங்கியது? பின்னால் சேருகிறவர் கட்டும் பணத்தில்தான் முன்னால் சேர்ந்தவருக்குப் பணம் வந்தது. கறி விற்று வரவில்லை. தின்பதற்கு ஆள் இல்லாத கறி எத்தனை நாள் காசு கொடுக்கும்?

ஆகவே, புது இறைச்சிகளின் ருசியை முதலில் தெரிந்துகொள்வோம்.

காடையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் வளர்ப்பது ஜப்பானியக் காடை. ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். எடை சுமார் இருநூறு கிராம். கறி பூப்போல மெதுவாக இருக்கும். எலும்பு சிறியது, நன்றாக வறுத்தால் கடித்தே தின்றுவிடலாம். சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் நாட்டுக் கோழி போல நினைத்து அடுப்பில் விட்டுவிடக் கூடாது. "ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்று ஊரிலே ஒரு பேச்சு உண்டு. அது பெருமைப் பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு இருப்பதால்தான், காடை வறுவல் என்று கடைப் பலகையில் எழுதினால் ஜனங்கள் தயங்காமல் கேட்கிறார்கள்.

அடுத்தது முயல். பண்ணை முயலின் கறி வெள்ளைக் கறி. கோழிக்கறியைப் போலத்தான் இருக்கும். நார் இன்னும் நைசாக இருக்கும். கொழுப்பு மிகக் குறைவு. அதனால் வெறுமனே வறுத்தால் வறண்டுபோகும். குழம்பாகவோ, எண்ணெய் கொஞ்சம் கூட விட்டு மூடி வேகவைத்தோ செய்தால் நன்றாக இருக்கும். அறுக்கும்போது மூத்திரப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் கறி வாடை அடிக்கும். "முயல் கறி நாத்தமுங்க" என்று சொல்பவர்கள் பலரும் இப்படி அறுத்த கறியைத் தின்றவர்களாக இருக்கலாம். இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுப் பிள்ளைகள் முயலுக்குப் பேர் வைத்துவிடும். பேர் வைத்த முயலை அறுத்தால் அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சோறு தின்ன மாட்டார்கள். இதைச் சிரிப்பாக நினைக்காதீர்கள். வாங்க வருகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

வான்கோழியில் ஒரே பறவையில் இரண்டு கறி. நெஞ்சுக்கறி வெளுப்பு, தொடைக்கறி கருப்பு, ருசியும் அழுத்தமாக இருக்கும். இளசாக இருந்தால் நல்லது. முற்றிய சேவல் நார் நாராக இருக்கும். வேகவும் நேரம் பிடிக்கும். ஒரு முழுப் பறவை ஒரு குடும்பத்துக்கு அதிகம். கூறு போட்டு விற்கிற ஏற்பாடு இல்லாவிட்டால், பண்டிகை நாள் தவிர மற்ற நாளில் கேட்பார் இருக்காது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஆழம் பார்த்துக் காலை விட வேண்டும். கொட்டகை போடும் முன்னே, வளர்க்கிறவரிடம் இரண்டு மூன்று உருப்படி விலைக்கு வாங்குங்கள். முதல் தடவை உப்பு, மஞ்சள், மிளகு மட்டும் போட்டுச் சமையுங்கள். மசாலாவை அள்ளிப் போட்டால் மசாலா ருசிதான் தெரியும். கறியின் ருசி தெரியாது. பிறகு உங்கள் வீட்டு வழக்கப்படி குழம்பு வையுங்கள். உங்கள் சம்சாரத்தையும் வயசானவர்களையும் தின்னச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் பல்லும் நாக்கும்தான் சரியான சோதனை.

அடுத்து, பத்து வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள். இனாமாகத் தின்றவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். மறு வாரம் காசு கொடுத்துக் கேட்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அதுதான் உங்கள் சந்தை.

எடைக் கணக்கையும் பாருங்கள். இரண்டு கிலோ முயலை அறுத்தால் கறி சுமார் ஒரு கிலோதான் தேறும். உயிர் எடைக்கு விலை சொல்கிறார்களா, கறி எடைக்குச் சொல்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் ஊர் பிராய்லர் கோழி, ஆட்டுக்கறி விலையோடு ஒத்துப் பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. காட்டு முயல், காட்டுக் காடை, கௌதாரி, உடும்பு இவற்றை ருசி பார்க்கிறேன் என்று பிடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நான் சொன்னதெல்லாம் பண்ணையில் வளர்ப்பவை மட்டுமே.

குஞ்சு விற்க வருகிறவர் லாபக் கணக்கு ஆயிரம் சொல்வார். அவரிடம், "ஐயா, உங்க வீட்டிலே இந்தக் கறியை மாசம் எத்தனை தடவை ஆக்குவீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு உங்கள் பணப்பையைத் திறந்தால் போதும்.