வண்ணம் பூசுமுன் விரிசலைப் பாருங்கள்: அலாய் வீல்களை வீட்டிலேயே புதுப்பித்தல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் பலரும் கேட்ட கேள்வி இது: "அலாய் வீலில் பெயிண்ட் உரிந்துவிட்டது, வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாமா?" அடிக்கலாம். பொறுமை இருந்தால் ஒரு வீலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஆனால் எல்லா வீலுக்கும் அடிக்கக் கூடாது. எதற்கு அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் முக்கியமான பாதி. அதனால் பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் பிறகு பேசுகிறேன்.

வீல் ஏன் கெட்டுப்போகிறது?

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் மிகக் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்த்து வார்த்தது. இது இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைப் பொடியாகப் பூக்கும். மேலே இருக்கும் கிளியர் கோட்டில் ஒரு சிறு கீறல் விழுந்தால் போதும், ஈரமும் உப்பும் உள்ளே போய்விடும். அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் கடற்காற்று இதை வேகப்படுத்துகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் நின்ற கார்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

அடுத்தது பிரேக் தூசி. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் சூடாக வந்து வீலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கும். முன் வீல்கள் சீக்கிரம் கறுப்பதற்குக் காரணம் இதுதான். முன் பிரேக்குகளுக்குத்தான் வேலை அதிகம்.

மூன்றாவது, நாமே செய்வது. பேஸ்மென்ட் சாய்தளத்தின் ஓரத்தில் உரசுவது, நடைபாதைக் கல்லில் தேய்ப்பது, கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி "பளபள" ஆக்குவது. ஆசிட்டும் சரி, காஸ்டிக் சோடாவும் சரி, அலுமினியத்தை அரிக்கும். கார் துடைக்க வரும் தம்பியிடம் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காயும் முன் துடைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உப்புக்கறை படியும்.

முதலில் சோதனை

வீலைக் கழற்றி, கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம், அதாவது காருக்கு உள்பக்கம் திரும்பியிருக்கும் விளிம்பு முக்கியம். மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் வண்டி இறங்கும்போது விரிசல் பெரும்பாலும் அங்கேதான் விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நட்டுத் துளைகளைச் சுற்றியும், ஸ்போக் ரிம்மோடு சேரும் இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள்.

அறிகுறிகள் மூன்று. வாரத்துக்கு ஒருமுறை அந்த ஒரு டயருக்கு மட்டும் காற்று குறைகிறது, பஞ்சர் கடையில் பஞ்சர் இல்லை என்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது, பேலன்சிங் செய்தும் போகவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் ரிம் ஓரத்தில் குமிழி வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். பேலன்சிங் கடையில் வீலை இயந்திரத்தில் சுழலவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குமிழி டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் துரு பூத்ததாலும் வரலாம். டயரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் அது சரியாகிவிடும். விரிசல் என்றால் வேறு கதை.

விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வீல்களை வார்த்த பிறகு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி சுமார் 150 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்துத்தான் அந்தப் பலத்தைக் கொண்டுவருகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பலம் போய்விடும். விரிசலின் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பது அதைவிட மோசம். அடுத்த முறை யார் பார்த்தாலும் தெரியாது. காரை வாங்கப்போகிறவருக்கும் தெரியாது. விரிசல் விட்ட வீலை மாற்றுவது ஒன்றுதான் வழி. அளவு, நட்டுத் துளைகளின் இடைவெளி, ஆஃப்செட், தாங்கும் எடை நான்கும் பழைய வீலோடு பொருந்த வேண்டும்.

இன்னும் இரண்டு வகைகளை வீட்டில் தொட வேண்டாம். ஒன்று, டைமண்ட் கட் வீல். முகப்பில் மெல்லிய வரிகளோடு வெள்ளி மாதிரி மின்னும். அது லேத்தில் கடைந்த உலோகம், மேலே வெறும் கிளியர் கோட் மட்டும்தான். கையால் தேய்த்து அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர முடியாது. திரும்பக் கடைவதற்கு லேத் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும் என்பதால் அதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது. இரண்டாவது, குரோம் முலாம் பூசியது.

விளிம்பில் உரசல் மட்டும் என்றால் ஆழத்தைப் பாருங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு மில்லிமீட்டர் வரை வீட்டில் செய்யலாம். அதற்கு மேல் பள்ளமோ, துண்டு பெயர்ந்திருந்தாலோ நல்ல டிங்கரிங் ஆளிடம் காட்டிவிடுங்கள்.

கழற்றும்போது

சாய்தளத்திலோ மண் தரையிலோ ஜாக்கி போடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, மூலைக்கு எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள். காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் விளையாடவும் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு வீல் போதும். அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி இறக்கிவிடுங்கள். பல கார்களில் ஸ்டெப்னி சிறிய அளவாக இருக்கும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே ஒட்டியிருக்கும். அப்படியானால் பெயிண்ட் காயும் வரை வண்டி நிற்கட்டும்.

புது டயர் போடும் சமயத்தில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் மிகவும் நல்லது. டயர் இல்லாத வெறும் வீலில் உள்விளிம்பு வரை முழுவதும் பார்க்கலாம்.

தேய்ப்பதில்தான் வேலை

ஷாம்பூ தண்ணீரில் கழுவி, பிரேக் தூசிக்கு 'அயர்ன் ரிமூவர்' அடியுங்கள். இரும்புத் துகளோடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். துர்நாற்றம் அடிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக அலசிக் காயவிடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைக் கூட்டும். நைலான் பிரஷ் போதும்.

உரசல் இருக்கும் இடத்தில் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று போங்கள். வெள்ளை பூத்த இடத்தில் நல்ல உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பூத்ததை விட்டுவிட்டு மேலே அடித்தால் சில மாதத்தில் மறுபடி கொப்பளிக்கும். மற்ற இடங்களில் பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் முழுவதும் எடுக்கத் தேவையில்லை. 400 அல்லது 600 வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

பள்ளத்துக்குப் பட்டி வைப்பதானால் தேய்த்த வெறும் உலோகத்தின் மேல் வையுங்கள். எட்ச் பிரைமரின் மேல் வைத்தால் பட்டி சரியாகப் பிடிக்காது. பட்டி இறுகியதும் தேய்த்துச் சமமாக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு வெறுங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரோடு அடிப்பதானால் காற்றைப் பாதியாக இறக்கி, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வரிசையாகச் செருகுங்கள். வால்வை டேப்பால் மூடுங்கள். இன்னும் மூன்று இடங்களையும் கட்டாயம் மூட வேண்டும்: நட்டு உட்காரும் கூம்புப் பள்ளங்கள், வீல் காரின் ஹப்போடு ஒட்டும் பின்பக்க முகம், நடுத் துளை. அங்கே பெயிண்ட் இருந்தால் நட்டை முடுக்கியபின் ஓடும் சூட்டில் அது நசுங்கும், நட்டு தளரும். சக்கரம் கழன்று ஓடுவது அப்படித்தான் தொடங்கும்.

அடிப்பது

வெறும் அலுமினியம் தெரியும் இடத்தில் எட்ச் பிரைமர். பிறகு வீல் கலர். கடைசியில் கிளியர். எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்காக இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடாது. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை ஓட்டிக்கொண்டே அடியுங்கள். முதல் கோட் பனி படிந்த மாதிரி மெல்லியதாக இருந்தால் போதும். 10, 15 நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று மெல்லிய கோட் ஒரு தடித்த கோட்டைவிட நன்றாக நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் கிளியர் பால் மாதிரி வெளுக்கும். தை முதல் பங்குனி வரை நல்லது. காலை 10 மணிக்கு மேல், நிழலில் அடியுங்கள். வெயிலில் சுட்ட வீலில் அடித்தால் பெயிண்ட் படிவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும்.

கிளியரில் இரண்டு வகை. சாதாரணமானது ஒன்று. ஹார்டனர் சேர்த்த '2கே' என்பது இன்னொன்று. 2கே உழைக்கும், பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்தால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். கொரோனா காலத்து என்95 முகக்கவசம் அதைத் தடுக்காது. அதனால் 2கே வேண்டும் என்றால் பெயிண்ட் பூத் இருக்கும் கடைக்குக் கொடுங்கள். குடியிருப்புக்குள் வேண்டவே வேண்டாம். சாதாரண கிளியருக்கும் கரைப்பான் வாயுவை வடிகட்டும் கரி வடிகட்டி முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம்.

எங்கே அடிப்பது?

இதுதான் சங்கத்துக்கான விஷயம். பேஸ்மென்ட்டில் அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே டப்பாவிலிருந்து வரும் வாயுவும் தின்னர் ஆவியும் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானவை என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கேதான் ஜெனரேட்டர் கேபிள், மின் பலகை, மின்சாரக் கார் சார்ஜர் எல்லாம் இருக்கின்றன. மொட்டை மாடியிலும் வேண்டாம். காற்றில் போகும் துளி அடுத்த வீட்டுத் துணியிலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் படியும். திறந்தவெளிப் பார்க்கிங்கில் அடித்தால் பக்கத்துக் காரின் கண்ணாடியில் மணல் மாதிரி ஒட்டும்.

பின்பக்கச் சுவரை ஒட்டிய காலி இடத்தில், மூன்று பக்கமும் பழைய அட்டைப்பெட்டியை நிறுத்தி அடிக்கலாம். அதற்கென்று மாதத்தில் ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு முன்னதாகச் சொல்லிவிடலாம்.

மிச்சத் தின்னரை வாஷ்பேசினிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாதீர்கள். நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பாக்டீரியாவை நம்பித்தான் ஓடுகிறது. தின்னர் அதைக் கொல்லும். பெயிண்ட் டப்பாக்களை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. தனியாகக் கட்டிக் கொடுங்கள்.

திரும்ப மாட்டும்போது

ஒரு முழு நாள் காயட்டும். ஹப்பில் துரு இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஸ்டட்டிலும் நட்டிலும் கிரீஸ் தடவாதீர்கள். அளவுக்கு மேல் முறுக்கு ஏறி ஸ்டட் இழுபடும். நட்டுகளை முதலில் கையால் திருகி, பின் எதிரெதிராக முடுக்குங்கள். சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வரும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்காகச் சங்கம் ஒன்று வாங்கி வைத்தால் அத்தனை வீட்டுக்கும் உதவும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கைச் சரிபாருங்கள். இறக்கிய காற்றை ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். பேலன்சிங் செய்துகொள்ளுங்கள். ஒரு வாரம் வரை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது, அந்தப் பின்விளிம்பைச் செல்போன் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் பாருங்கள். உங்கள் வண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலையில் வீலைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.