மனநோயும் கேள்வித்தாளும்
(ஐயப்பன்தாங்கல் சொற்பொழிவு)



மனநோயைப் பேய் என்று சொல்லி ஏர்வாடியில் சங்கிலியிட்டதன் பலன் என்ன? 2001 ஆகஸ்ட் 6ந் தேதி பற்றிய தீயில் 28 பேர் மாண்டார்கள்.

பேயோட்டுவதை விட்டு வைத்தியரிடம் போனால், அவர் 9 கேள்விகள் கேட்கிறார். இரண்டு வாரமாய்த் தூக்கமுண்டா, பசியுண்டா, எதிலாவது நாட்டமுண்டா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்குப் போட்டு, 27க்கு எவ்வளவு என்று கூட்டுகிறார். நல்ல முறைதான். ஆனால் அக்கேள்விகள் இங்கிலீஷில் பிறந்தவை. பண்டிதர் ஒருவர் “மனச்சோர்வு” என்று மொழிபெயர்த்துவிட்டால் போதுமா? நம் தாய்மார்கள் “மனசு பாரமாயிருக்கு”, “உடம்பெல்லாம் அசதி” என்றல்லவா சொல்லுகிறார்கள்? கேள்வி விளங்காமல் “இல்லை” என்பவளுக்கு நோயில்லை என்றாகிவிடுமே!

ஆகவே, தமிழாக்கியதை வேறொருவரைக் கொண்டு மறுபடி இங்கிலீஷாக்கிப் பார்க்க வேண்டும்; அதே ஆளைச் சில நாள் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும்; வைத்தியர் நேரில் கண்ட முடிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சாஸ்திரத்தையே சோதிக்கச் சொல்லும் நாம், அச்சடித்த தாள் என்பதற்காக இதைச் சோதிக்காமல் நம்பலாமா என்று கேட்கின்றேன்.