செப்புக் காசும் செந்தமிழ்ப் பெயரும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பழங்காசைப் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டோ என்று சிலர் எண்ணலாம். இடம் உண்டு. சங்கப் பாடல்களின் மெய்ம்மைக்கு ஒரு சிறு செப்புக்காசு சாட்சி சொன்ன வரலாறு தமிழ்நாட்டில் நிகழ்ந்திருக்கிறது.

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி முதலிய பெயர்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு ஏறின. ஆயினும், இவ்வேந்தர் தம் பெயரால் காசு வெளியிட்டனரா என்னும் ஐயம் நெடுங்காலம் தீரவில்லை. உரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்த மண்ணில், தமிழ் வேந்தர் பெயர் தாங்கிய காசு ஒன்றும் கண்ணில் படவில்லை.

புறநானூறு அச்சேறித் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. 1984ஆம் ஆண்டு, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சேகரித்த பழங்காசுகளுள் சதுர வடிவான செப்புக்காசு ஒன்று இருந்தது. ஒருபுறம் குதிரை, மறுபுறம் கோடுகளால் ஆன மீன் சின்னம். குதிரையின் மேற்புறத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் தெரிந்தன. அவை தந்த பெயர் ‘பெருவழுதி’. அது பாண்டியர்க்குரிய பெயர். பாட்டில் வாழ்ந்த பெயர் செம்பிலும் வாழ்ந்திருந்தது! 2021ஆம் ஆண்டில் மறைந்த அவ்வறிஞர், ‘தினமலர்’ நாளிதழின் ஆசிரியப் பணிக்கிடையே செய்த தொண்டு இது.

கரூரில் அமராவதி ஆற்று மணல் மற்றுமொரு கருவூலமாயிற்று. ‘மாக்கோதை’ என்னும் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் அங்கே கிடைத்தன. உரோமானியக் காசின் பாங்கில் அவற்றில் ஒரு தலையுருவம் காணப்படுகிறது. மனைவியை இழந்த துயரைப் புறநானூற்றில் பாடிய சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையைத் தமிழுலகம் அறியும். காசில் உள்ளவன் அவனே என அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், அப்பெயர் புலவரின் கற்பனையில் பிறந்ததன்று என்பது உறுதியாகிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டி மக்களுக்கு இன்னும் நெருக்கமானது மற்றொரு காசு. சேலம், நாமக்கல் சமவெளியின் விளிம்பில் கொல்லிமலை உயர்ந்து நிற்கிறது. வல்வில் ஓரிக்கு உரியதாக இருந்த அம்மலையை, அவனைப் போரில் கொன்ற மலையமான் காரி சேரனுக்கு அளித்தான் என்பது சங்கப் பாட்டு தரும் செய்தி. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசு ஒன்றில் ‘கொல்லிப்புறை’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ‘பொறை’ என்பது சேரர் குடிப்பெயர். கொல்லியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட சேரன் ஒருவன் இருந்தான் என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை.

இக்காசுகள் எவ்வாறு பிழைத்தன? தற்செயலாக என்பது விடையின் பாதியே. ஏர் முனையில் படுவதும், கிணறு வெட்டும்போது கிடைப்பதும், ஆற்று மணலில் ஒதுங்குவதும் தற்செயல். எடுத்தவர் அதைப் பழஞ்செம்பு என்று எடைக்குப் போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். வெள்ளிக்காசாயின் ஆபத்து இன்னும் பெரிது. வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலத்தில் வெள்ளியின் விலையை அறியாதவர் இல்லை. உலோகத்தின் விலைக்காக உருக்கப்படும் ஒரு காசு கொலுசின் சில மணிகளாகலாம்; ஆனால் ஒரு வேந்தனின் பெயர் அந்நெருப்பில் அழிந்துபோகும்.

அன்பினால் நேரும் கேடும் உண்டு. பழங்காசு கிடைத்தவுடன் பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்ப்பவர் பலர். களிம்போடு எழுத்தும் போய்விடும். ஈராயிரம் ஆண்டு மண்ணில் காத்த எழுத்தை ஒரு நாழிகைத் துலக்கல் கெடுத்துவிடும். காசைத் தேய்க்காமல், மண்ணோடு தாளில் பொதிந்து வைப்பதே முறை.

கிடைத்த இடமும் காசைப் போன்றே விலைமதிப்பற்றது. எந்த வயல், எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்த பானை ஓடு யாது என்னும் குறிப்புகளே அதன் காலத்தைக் கூற வல்லவை. பல கை மாறி அறிஞரிடம் சேரும் காசு தன் பெயரைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. சங்கக் காசுகள் பலவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே வழக்கு நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசிடம் ஒப்படைத்தால் ஒன்றும் கிட்டாது என்னும் அச்சம் சிற்றூர்களில் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுவது வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாகத் தெரிவித்தல் வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. தெரிவித்தவரை அச்சட்டம் வெறுங்கையோடு அனுப்பிவிடுவதில்லை. அரசே புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதன் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்துப் பெறுவதற்கு அதில் வழியுண்டு. இதனை உழவர்க்கும், கிணறு வெட்டுவோர்க்கும், மணல் அள்ளுவோர்க்கும் எடுத்துச் சொல்வார் இல்லை.

அப்பணி இலக்கிய வட்டங்களுக்கு உரியது. பாட்டை அறிந்தவர்களே பெயரை அறிவர். பெருவழுதி யார் என அறியாத கண்ணுக்கு அக்காசில் தெரிவது சில கீறல்களே. புறநானூறு படித்த ஓர் ஆசிரியர், மாணவர் கொண்டுவரும் களிம்பேறிய காசைக் கையில் வாங்கிப் பார்த்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதனை உரிய அலுவலரிடம் சேர்ப்பிக்கத் துணை நிற்பாராயின், அதுவும் தமிழ்த் தொண்டே. வரும் பத்தாண்டில் இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். காசு எப்போது வெளிப்படும் என்பதை எவரும் அறியார். வெளிப்படும் நாளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்!