மீன் சொன்ன கதையும் கல் சொன்ன கதையும்

(உத்திரமேரூர்த் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறைக்குச் சான்றென உலகெங்கும் பேசப்படுகின்றன. அவ்விதிகளுள் ஒன்றை மட்டும் இங்கு நினைவிற் கொள்க. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துள் புகக்கூடாது. அவன் உறவினர் பெயரும் புகக்கூடாது. (மறை ஓதியவர்க்கே வாரியத்தில் இடம் என அதே கல் வேலி கட்டியிருப்பதையும் மறைத்தற்கில்லை. சதுர்வேதி மங்கலத்தில் வேறு எதனை எதிர்பார்ப்பது!)

கணக்குக் காட்டாமல் குடத்துள் புகுந்த கருத்தொன்று இன்று பள்ளிப் பிள்ளைகளின் வாயிலும் வழங்குகின்றது. திருமாலின் பத்துத் தோற்றரவுகளே உயிர்மலர்ச்சிக் கொள்கை என்பதுதான் அது. முதலில் நீர்வாழ் மீன்; அடுத்து நீரிலும் நிலத்திலும் வாழும் ஆமை; பின்னர் நிலத்துப் பன்றி; பின்னர்ப் பாதி விலங்கும் பாதி மாந்தனுமான அரிமா; பின்னர்க் குறளன்; அதன்பின் முழு மாந்தன். டார்வின் சொன்னதை எங்கள் முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குகின்றனர். கேட்போர் கைதட்டுகின்றனர்.

கைதட்டுமுன் கணக்கைக் கேட்க வேண்டும். அரிமாவினின்று மாந்தன் கிளைத்தான் என எந்த உயிர்நூலும் கூறவில்லை. பன்றி, அரிமா, மாந்தன் ஆகிய மூன்றும் பாலூட்டி மரத்தின் தனித்தனிக் கிளைகள். ஒன்று மற்றொன்றின் பாட்டன் அன்று. உயிர்மலர்ச்சி ஏணி அன்று, கிளைத்துப் படரும் ஆலமரம். இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. தோற்றரவு ஒரு பகைவனை அழிக்க ஒரே நாளில் முழுவடிவாய் வந்திறங்குகின்றது. உயிர்மலர்ச்சிக்கோ எண்ணமும் இல்லை, இலக்கும் இல்லை. அது எப்படி நடக்கின்றதென உழவரைக் கேட்டால் தெரியும். நெற்பயிரில் புகையான் விழுகின்றது, மருந்து தெளிக்கின்றனர். நூற்றுக்குப் பெரும்பாலானவை மடிகின்றன. பிறவியிலேயே அந்நஞ்சைச் சற்றே தாங்கும் தன்மை பெற்ற சில மட்டும் பிழைக்கின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் வழியிலேயே பெருகுகின்றது. அதே மருந்தை விடாது தெளித்தால் ஒரு காலத்தில் அம்மருந்தே பயனற்றுப் போகின்றது. எந்தப் பூச்சியும் மருந்தை வெல்லத் திட்டமிடவில்லை. மாற்றம் பிறவியில் வந்தது, சூழல் சலித்தெடுத்தது. 1859ஆம் ஆண்டு சார்லசு டார்வின் நூலாக வெளியிட்ட கொள்கையின் உயிர்நிலை இவ்வளவுதான். 1858ஆம் ஆண்டிலேயே வாலசு என்னும் அறிஞரும் தாமாகவே இம்முடிவிற்கு வந்திருந்தார்.

தோற்றரவையும் உயிர்மலர்ச்சியையும் இணைக்கும் ஒப்புமையை அச்சில் பரப்பியவர்களுள் முதன்மையானவர், பிரமஞான சபையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பிளாவாட்சுகி அம்மையார். அவர்தம் நூல் வெளிவந்தது 1877இல். டார்வின் நூலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து! விடைத்தாள் வெளிவந்த பின்னர்த் தேர்வெழுதி முதன்மை பெற்றதாகச் சொல்லிக்கொள்வது போன்றது இது.

அவ்வாறாயின் தொன்மங்களைத் தூக்கியெறிய வேண்டுமா? வேண்டா, ஆராய வேண்டும். மீன் கதையையே பாருங்கள். சதபதப் பிராமணத்தில் மனுவை வெள்ளத்தினின்று காத்த மீனுக்குத் தெய்வப் பெயர் ஏதுமில்லை. மாபாரதத்தில் அம்மீன் தன்னை நான்முகன் என்கின்றது. பிற்காலத் தொல்கதைகளிலேயே அது திருமாலாகின்றது. ஆமையும் பன்றியும் அவ்வாறே. பிராமண நூல்களில் அவை பிரசாபதியின் வடிவங்கள். பாகவதத்தில் இன்னும் ஒரு புதுமை: மீனைக் கையில் ஏந்தியவன் திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன், இடம் கிருதமாலை ஆற்றங்கரை. அவ்வாற்றை வையை என்பர். வடக்கே பிறந்த கதை தெற்கே வந்து, மதுரைத் தண்ணீர் குடித்துத் தமிழ்நாட்டு முகவரி பெற்றுவிட்டது. பாகவதம் ஓரிடத்தில் தோற்றரவுகளை இருபத்திரண்டாக எண்ணுவதும் கருதத் தக்கது. எண்ணிக்கையே நிலைபெறாத பட்டியலில் அறிவியல் வரிசை எங்கிருந்து வந்தது? மலர்ச்சியடைந்தது உயிரன்று, கதையே!

அயலார் கதையை மட்டும் உரைகல்லில் இட்டுத் தம் கதையைப் பேழையில் பூட்டுவது தமிழர்க்கு அழகன்று. கடல்கோள் பற்றி இறையனார் அகப்பொருளுரை கூறுகின்றது. அதனோடு இலெமூரியா என்னும் பெயரைச் சேர்த்து, தமிழ் பேசிய முதல் மாந்தன் வாழ்ந்த பெருங்கண்டம் மூழ்கியது என்கின்றனர். அப்பெயரை 1864இல் இட்டவர் சிகிலேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலார். மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்பட்டமைக்கு விளக்கம் தேடினாரேயன்றித் தமிழைப் பற்றி அவர் எண்ணவேயில்லை. மாந்தப் பிறப்பிடம் அதுவாகலாம் எனப் பின்னர்ச் சொன்னவர் செருமானிய அறிஞர் எக்கல். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின் மூழ்கிய கண்டத்திற்குத் தேவையே இல்லாது போயிற்று. மடகாசுகரும் இந்தியாவும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று மாந்தன் இல்லை. இதை ஏற்பது தமிழ்ப் பகைமை ஆகாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் ஈழமும் ஒரே நிலமாய்க் கிடந்தன. பின்னர்ப் பனி உருகக் கடல் ஏறிற்று, கரையோரங்கள் மூழ்கின. கடல்கோட் கதைகளை ஆராய்வோர்க்கு இது உறுதியான தரை. இல்லாத கண்டத்தின் மீது நின்று எதிரிக்கு விடைகூறப் புகுந்தால், உண்மையான சங்கப் பழமையையும் அவன் அதனோடு சேர்த்தே மூழ்கடிப்பான்.

பழமைக்குச் சான்று வேண்டுமாயின் அருகிலேயே இருக்கின்றது. 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலநூலார் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வின் தொடக்கம் அந்நாள். அவ்வாண்டிலேயே கொற்றலையாற்றுப் பகுதியில் அதிரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. அங்கு அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், புதைந்த கல்லில் விண்கதிர் விட்டுச்சென்ற தடங்களை அளந்து, கைக்கோடரிகளின் அகவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011இல் வெளியிட்டனர். மொராக்கோ நாட்டில் கிடைத்த, இன்றைய மாந்த இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுதான். ஆகவே அக்கோடரியைச் செதுக்கிய கை தமிழர் கையன்று. இன்றைய மாந்தன் கையுமன்று. அவனுக்கும் முந்திய ஓர் இனத்தின் கை. அக்கல்லில் தமிழ் எழுத்தைத் தேட வேண்டா. இரு முகமும் ஒத்து வரச் செதுக்கும் எண்ணம் அம்முன்னோன் நெஞ்சில் எப்படி உருவாயிற்று என்று தேடினாலே போதும், வாழ்நாள் போதாது.

புரூசு பூட்டு திரட்டிய கருவித் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். செங்கற்பட்டில் தொடர்வண்டி ஏறினால் பல்லாவரம் வழியாகத்தான் போகும். அங்கு வண்டி நிற்கும்போது பலகணி வழியே அவ்வூர் மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.