உடம்பு ஏன் போடுது?



மேடையிலிருந்து பார்த்தால் நம்ம செட்டில் பாதிப் பேருக்குச் சட்டைப் பொத்தான் திணறுகிறது. அதை விடுங்க. நான் பேச வந்தது பிள்ளைகளைப் பற்றி.

என் அக்கா மகன் பத்தாம் வகுப்பு. அவனையும் அவனோடு டியூஷன் படிக்கிறவர்களையும், "சின்ன வயசிலேயே உடம்பு ஏன் போடுது?" என்று கேட்டேன். "பரோட்டா, கூல்டிரிங்ஸ்தான் மாமா" என்றான் அவன். "எங்க வம்சமே அப்படித்தான்" என்றான் இன்னொருவன். ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்குவாங்க, அங்கிள்."

முதல் பதில் சரிதான். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. பெரியவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லிவிட்டது. வம்சத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எனக்கு உறைத்தது அந்தப் பெண் சொன்னதுதான். வளரும் பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. காலையில் வேன், மாலையில் டியூஷன், இரவில் ஹோம்வொர்க். இதில் அந்த 60 நிமிடம் எங்கே? இந்த டைம்டேபிளைப் போட்டது நாம்தானே? ஆனா "சோம்பேறி, வாயைக் கட்டு"ன்னு திட்டு வாங்குறது அவங்க.

முதல்வர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மைதானம் பூட்டிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்காகக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்து விடுங்கள். வாட்ச்மேன் சம்பளத்தை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது.