திரிந்த தூது



அரணும் படையும் குறைவறப் பெற்ற அரசும், தூதுவன் கொணரும் செய்தி திரிந்துபோமாயின் நிலைகுலையும். மனித உடலின் காப்பும் அத்தகையதே.

நோய்க் கிருமிகளை எதிர்ப்பவை வெண்குருதிக் கலங்கள். பகையை இனங்கண்ட கலம், அச்செய்தியைத் தன் மேற்பரப்பிலிருந்து உட்கருவுக்கு அனுப்புதல் வேண்டும். அதன் பின்னரே அது பெருகும். ஏனைய கலங்களை ஏவும். பிறபொருளெதிரி என்னும் காப்புப் புரதமும் தோன்றும். இச்செய்தியைச் சுமப்பனவற்றுள் முதன்மையானது கல்சியம். ஓய்ந்திருக்கும் கலத்தினுள் மிகச் சிறிதளவே காணப்படும் இது, பகை தென்பட்டதும் ஏறத்தாழப் பத்து மடங்காக உயர்கின்றது.

ஈயம் வஞ்சனை செய்வது இவ்விடத்திலேயே. அது கல்சியத்தைப் போல நடிக்கவல்லது. கல்மொடுலின் என்னும் புரதம், கல்சியத்தை ஏற்க வேண்டிய இடத்தில் ஈயத்தையும் ஏற்றுக்கொள்கின்றது. இரசமோ, புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் தொழிலை மாற்றுகின்றது. கலங்கள் மடியாமலிருக்கவும் கட்டளை பிழைக்கின்றது. ஈயம் ஊட்டப்பட்ட விலங்குகளில், கலங்களுக்குள் ஒளியும் கிருமிகளை எதிர்க்கும் பிரிவு தளர்ந்து, ஒவ்வாமைக்கு வழிகோலும் பிரிவு மேலோங்கியமை காணப்பட்டது.

சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலுள்ள குவேயூ என்னும் ஊரில், கழிக்கப்பட்ட கணினிகளை உடைத்தும் எரித்தும் உலோகம் பிரித்தெடுக்கும் தொழில் பல்லாண்டுகளாகக் குடியிருப்புகளின் நடுவே நடந்தது. அவ்வூர்ப் பாலகரின் குருதியில் ஈயம் மிகுந்திருந்ததை 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அறிவித்தது. ஈரலழற்சி 'பீ' நோய்க்கான தடுப்பூசி பெற்றிருந்தும், அதற்குரிய பிறபொருளெதிரி அயற்பகுதிப் பிள்ளைகளிலும் பார்க்க அவர்களிடத்துக் குறைந்திருந்தது. ஓராய்வு கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும் அது தரும் எச்சரிக்கை சிறிதன்று. தாய் பிள்ளையைச் சுமந்து சென்றாள், ஊசி ஏற்றப்பட்டது, அட்டையில் நாளும் பதியப்பட்டது. அவள் நம்பிச் சென்ற காப்பு மட்டும் முழுமையாகக் கிட்டவில்லை.

ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் முடிவுற்றது. ஆயினும் எலும்பிற் படிந்த ஈயம் பல்லாண்டு தங்கும். ஈய வர்ணம் உதிரும் சுவர்களும், பழைய பற்றறி உடைக்கும் கொட்டில்களும் இன்னும் உள. அத்தகைய கொட்டிலைக் குடியிருப்பினின்று அகற்றுதலும், தொழிலாளி தூசி படிந்த உடையைக் களைந்து நீராடிய பின்னரே பிள்ளையைத் தூக்குதலும், தடுப்பூசியோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க காப்புகளாம்.